தண்ணீர் வந்த பக்கம்

கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று தகவல் வந்தால், கரையோர ஊர்களுக்கெல்லாம் போன் போட்டு அறிவிப்புக் கொடுக்கச் சொல்வது எங்கள் தாலுகா ஆபீசில் என் வேலை. ‘பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லவோ வேண்டாம்’ என்ற வாசகத்தை டைப் அடித்துக் கொடுப்பதும் நான்தான். ஆட்டோவில் மைக் கட்டி, திருமானூரிலிருந்து தா.பழூர்ப் பக்கம் வரைக்கும் கரை நெடுக அதைப் படித்துக்கொண்டே போவார்கள். அப்படியும் யாராவது ஒருத்தர் இறங்கிவிடுவார். அந்த ஃபைல் என் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும். இத்தனை சொல்லியும் எதற்கு இறங்கித் தொலைக்கிறார்கள், கண் என்ன பொட்டையா என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் இப்போது இதைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாத லீவு எடுத்து, இங்கிலாந்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். அதற்காக ஆபீசில் தடையின்மைச் சான்று வாங்க நான் நடந்த நடை ஒரு தனிக்கதை. தம்பி இருப்பது அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலிலிருந்து அரைமணி பஸ் தூரத்தில் ஒரு சின்ன டவுன். அவனும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பச்சைத் தொட்டி செவ்வாய்க்கிழமை, கறுப்புத் தொட்டி வெள்ளிக்கிழமை. பத்து நாளில் அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"தனியா எங்கயும் கெளம்பிடாதக்கா. ஞாயித்துக்கெழம நானே கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தம்பி சொல்லியிருந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. எனக்கு மழையைவிட அவன் சொன்ன தோரணைதான் உறுத்தியது. நாற்பத்தேழு வயசுக்காரி நான். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவள். இவன் மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். என்னைப் பார்த்துக் கிளம்பாதே என்கிறான். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் கதவைப் பூட்டினேன். அதற்கு முன்னால் அவனிடம், "இன்னிக்கு முழுக்க வூட்லதான் இருப்பேன், துணியெல்லாம் தேய்ச்சு வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன்.

திட்டம் சுலபமானது. பஸ்சில் ஒரு கடலோர கிராமத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கடலை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் அடுத்த கிராமத்துக்கு நடக்க வேண்டும். நாலு மைல்தான் என்று போன் காட்டியது. அங்கே மூன்று நாற்பதுக்கு ஒரு பஸ். அதைப் பிடித்தால் தம்பி வருவதற்குள் வீட்டில் இருக்கலாம், இரண்டு சட்டையாவது தேய்த்து வைக்கலாம். அந்த பஸ்சை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. தம்பி மனைவியின் ஷூவை மாட்டிக்கொண்டேன், அது ஒரு சைஸ் பெரிசு. எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டையும் போனையும் ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம். யார், எதற்குப் பிடிப்பார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உண்மையைச் சொன்னால் பயம் பஸ்சிலேயே ஆரம்பித்துவிட்டது. கிராமத்தில் இறங்கியதும் கூடியது. நாலு படகு, ஒரு சர்ச், பூட்டிய ஒரு கடை, ஆள் நடமாட்டம் இல்லை. பாதை ஒரு வேலிக் கதவைத் தாண்டி யாருடைய வயலுக்குள்ளோ போனது. அடுத்தவர் பட்டா நிலத்தில் கேட்காமல் கால் வைத்தால் என்ன ஆகும் என்று தினம் மனு வாங்குகிற எனக்குத் தெரியும். யாராவது வந்தால் அனுமதி கேட்கலாம் என்று அந்தக் கதவருகே கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு வயசான ஜோடி, நாயோடு, கதவைத் திறந்து உள்ளே போய், எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் பின்னாலேயே திருடி மாதிரி நுழைந்தேன்.

அவர்கள் கொஞ்ச தூரத்தில் வேறு பாதையில் திரும்பிவிட்டார்கள். அதன்பிறகு நானும் காற்றும்தான். பாதை குன்றின் விளிம்பில் போனது. இடது பக்கம் ஒரு கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. கீழே, ரொம்பக் கீழே, கடல். எங்கள் ஊர்ப் பக்கம் கடல் என்றால் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல்லாகிக் கிடக்கும் சிப்பிதான். அதைத் தவிர வேளாங்கண்ணியில் இரண்டு முறை கால் நனைத்திருக்கிறேன். இந்தக் கடலைப் பார்த்தால் தலை சுற்றியது. வலது பக்கமே சாய்ந்து, சில இடங்களில் புல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். திரும்பிவிடலாம் என்று நான்கைந்து முறை நினைத்தேன். திரும்பினால் அந்த விளிம்பில் இரண்டாம் தடவை நடக்க வேண்டுமே என்று மேலே போனேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நண்பகல் தாண்டியதும் பாதை இறங்க ஆரம்பித்தது. அங்கிருந்து பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கீழே ஒரு ஆறு. வலது பக்கம் மலைகளுக்கு நடுவிலிருந்து வந்து, இடது பக்கம் கடலில் சேருகிறது. ஆறு என்றால் பெயருக்குத்தான். கால் மைலாவது அகலம் வரும் மணல்வெளி, நடுவில் வேட்டி அகலத்துக்கு இரண்டு ஓடைகள். அக்கரையில் வெள்ளை வீடுகள். நான் போக வேண்டிய கிராமம் அதுதான். இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து அக்கரை ஏறுவதை மேலிருந்தே பார்த்தேன்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். கோடையில் கொள்ளிடம் இப்படித்தான் கிடக்கும். அக்கரை தஞ்சாவூர் ஜில்லாவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு யார் போவார்கள்? மணலில் இறங்கிக் குறுக்கே நடந்தால் அரைமணி. சின்ன வயசிலிருந்து எத்தனை தடவை நடந்திருப்பேன். காலையிலிருந்து முதல் தடவையாகப் பயம் விட்டது. புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். வெயில் இதமாக இருந்தது, துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மணி இரண்டேகால். பதறிக்கொண்டு இறங்கினேன். மணல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை, பொடி எழுத்து, ஏதோ மணிக்கணக்கு. இருபத்திரண்டு வருஷமாக அறிவிப்பு ஒட்டுகிறவள் நான். ஒட்டுகிறவர்கள் எவரும் படிப்பதில்லை. பாலம் ஆற்றின் மேல்பக்கம் ஆறு மைல் தள்ளி இருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருந்ததை மட்டும் பார்த்தேன். ஆறு மைல் சுற்றினால் பஸ் போய்விடும். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு மணலில் இறங்கினேன்.

முதல் ஓடை கணுக்கால் அளவு. ஐஸ் மாதிரி குளிர்ந்தது. அதைத் தாண்டி நீளமான ஒரு மணல் திட்டு. நான் ஒன்றும் அசட்டையாக நடக்கவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று வலது பக்கம் பார்த்தேன். மலைப் பக்கம் கறுத்திருக்கிறதா, தண்ணீர் கலங்கி வருகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா என்று பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் வருவதென்றால் மேலேயிருந்துதான் வரும். மேட்டூரில் திறந்தால் முக்கொம்பு, முக்கொம்பில் திறந்தால் கொள்ளிடம். கணக்கு சரியாக இருந்தது. வானம் சுத்தமாக இருந்தது. திட்டின் நடுவில் நின்று போனை எடுத்து வெள்ளை வீடுகளைப் படம் பிடித்தேன்.

அக்கரையில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு கறுப்பு நாய். அந்தப் பெண் என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். இந்த ஊர்க்காரர்கள் முகம் தெரியாதவர்களுக்குக்கூட வணக்கம் சொல்வார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். நானும் இரண்டு கையையும் ஆட்டினேன்.

அவள் நிறுத்தவில்லை. வணக்கம் என்றால் ஒரு தரம் ஆட்டுவார்கள், இரண்டு தரம் ஆட்டுவார்கள். இவள் குதித்துக் குதித்து ஆட்டினாள். அப்போதுதான் காலடியில் பரவியிருந்த தண்ணீரில் ஒரு வெள்ளை நுரைத் துண்டு போவதைப் பார்த்தேன். அது வலது பக்கமாகப் போனது. மலையைப் பார்த்து. காற்றுதான் தள்ளுகிறது என்று நினைத்தேன். இன்னொன்று வந்தது. அப்புறம் ஒரு கடற்பாசிக் கொத்து வந்தது. ஆறு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

இடது பக்கம் திரும்பினேன். இறங்கியதிலிருந்து அந்தப் பக்கம் ஒரு தரமும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பெரிய கறுப்புப் பாறை இருந்ததை மேலிருந்து பார்த்த ஞாபகம். பாறையைக் காணோம். மணல்வெளியையும் காணோம். சத்தம் போடாமல், அலை அடிக்காமல், தரையோடு தரையாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் பார்த்தேன். நான் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை இப்போது ஒரு வாய்க்காலின் அகலத்தில் இருந்தது, அடி தெரியவில்லை. முன்னால் இருந்த ஓடை அதைவிட அகலம். நான் வந்த காலடித் தடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து அழிந்தன.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்தவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகள் குளிப்பார்கள், பெண் பிள்ளைகள் துணியைக் காவல் காப்பார்கள். கை போன் மேல் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டால் எடுப்பான். கூப்பிட்டால் பொய் தெரிந்துவிடும். நம்புவார்களா தெரியவில்லை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்தபடி நின்றேன். அவன் திட்டுவானே என்ற பயம் மூழ்கிவிடுவோமே என்ற பயத்துக்குச் சமமாக இருந்தது. இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ அப்படிப் போயிற்று. அந்த நேரத்துக்குள் நின்ற இடத்திலேயே தண்ணீர் முட்டிக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் இப்போது கையை ஆட்டாமல் ஒரே திசையில் நீட்டிக்கொண்டிருந்தாள். மேல்பக்கம், மலையைப் பார்த்து. அங்கே ஆழம் குறைவு, அங்கே போய்க் கட என்கிறாள் என்று புரிந்தது. தண்ணீருக்கு முன்னால் ஓட முடியுமா என்று தெரியவில்லை. ஓடினேன். கழுத்தில் ஷூ இரண்டும் மாறி மாறி மாரில் அடித்தது. போனைப் பையில் போட்டு, பையை அவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். உயிர் போனாலும் பாஸ்போர்ட் நனையக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதில் உள்ள அபத்தம் எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

அவள் காட்டிய இடத்தில் இறங்கினேன். தொடை. இடுப்பு. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்க மாட்டோம், தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர்த்துவோம். அப்படித்தான் நகர்ந்தேன். குளிரில் கால் என்னுடையதா என்றே தெரியவில்லை. சிறுவாச்சூர் அம்மனைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகு, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நடை திறக்கிறது திங்களும் வெள்ளியும்தானே என்று ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலும் புத்தி ஆபீஸ் நேரம் பார்த்தது.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது எனக்கு என் மேசை கண்ணில் தெரிந்தது. அந்த ஃபைல். பெயர், வயது, கணவர் பெயர், சம்பவம் நடந்த இடம். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் பேனாவை வைத்துவிட்டு, இத்தனை சொல்லியும் எதற்கு இறங்கினாள் என்று கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஃபைல்களில் இருந்த அத்தனை பேரும் இப்படித்தான் ஒரு பஸ்சைப் பிடிக்கவோ ஒரு மாட்டை ஓட்டவோ, தினம் கடக்கிற ஆறுதானே என்று இறங்கியிருப்பார்கள். அவர்களை நான் என்னவெல்லாம் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, பயத்திலா வெட்கத்திலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு கால் வழுக்கியது. தண்ணீர் வாய்க்குள் போனது. உப்பு. ஆற்றுக்கு நடுவில் வாய் நிறைய உப்புத் தண்ணீர். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். மறு காலுக்குத் தரை தட்டுப்படவில்லை. அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது. என் மகள் முகம் வரும், அம்மா முகம் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு எந்த முகமும் வரவில்லை. தரை வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

சுடிதாரின் பின்கழுத்தை ஏதோ பிடித்து இழுத்தது. அந்தப் பெண் கோட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். நாயின் நீளமான கயிற்றைக் கரையோரக் கம்பத்தில் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றியிருந்தாள். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். நல்ல கோபம், நிறுத்தாமல் திட்டினாள். வருஷத்துக்கு எத்தனை பேரை இப்படி இழுப்பது, கடல் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம் போட்ட பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்டதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதே வசனத்தை நான் பேசியிருக்கிறேனே. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவள் திட்டுவதை விட்டுவிட்டு என் முதுகைத் தேய்த்தாள்.

தன் காரில் உட்காரவைத்து, ஒரு போர்வையைச் சுற்றி, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். கப்பைப் பிடிக்க முடியாமல் பாதி மடியில் ஊற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆறு கரை முட்ட நிறைந்து நின்றது. நான் நின்ற திட்டு எங்கே இருந்தது என்று விரல் நீட்டிச் சொல்லக்கூட முடியாது. படகு ஒன்று அதன் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

பைக்குள் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்க? கதவு பூட்டிக் கெடக்கு. இன்னிக்கு வெயில் நல்லாருக்குன்னு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துட்டேன், ஒன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு."

கடைக்கு வந்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருப்பேன். பல் தந்தியடித்ததில் வாய் சொன்னபடி கேட்கவில்லை.

"அக்கா? அக்கா, என்ன சத்தம் அது? அழுவுறியா?"

"தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டேன்டா. வெளிய வந்துட்டேன். நீ வந்து கூட்டிட்டுப் போ" என்றேன். அந்தப் பெண் போனை வாங்கி அவனிடம் இடம் சொன்னாள்.

முக்கால் மணியில் வந்துவிட்டான். வீட்டுச் செருப்போடு வந்திருந்தான். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டான், அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கும்பிட்டாள். நான் எதிர்பார்த்த திட்டு ஒன்றுகூட வரவில்லை. காரில் ஏறி பெல்ட்டை அவனே போட்டுவிட்டான். ஹீட்டரைத் திருகினான்.

கார் மேட்டில் ஏறியதும் அவன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். சின்ன வயசில் ரோட்டைக் கடக்கும்போது நான் அவனை அப்படித்தான் பிடிப்பேன், வலிக்கிற மாதிரி. பிடி இறுகிக்கொண்டே போனது. ஆறுதல் சொல்ல வேண்டியது நானா அவனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊர் ரோடு குறுகலானது, வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் கையை எடுப்பான், மாற்றியதும் மறுபடி பிடிப்பான். வீடு வந்து சேருகிற வரைக்கும், அவன் கையை எடுத்த ஒவ்வொரு தடவையும் என் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது.